ரோமுக்கு நான்கு நாள்: மூடிய கதவுகளிலிருந்து தொடங்கிய ஒரு திட்டம்

ஐரோப்பிய நகரம் ஒன்றுக்கு முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் ‘என்னென்ன பார்க்கலாம்’ என்ற பட்டியலில்தான் தொடங்குகிறார்கள். ரோம் போன்ற ஊருக்கு அந்தப் பட்டியல் ஒருநாளும் முடியாது. கோவையிலிருந்து என் அக்கா குடும்பம் கடந்த மே மாதம் ரோம் போய்வந்தது. அவர்களுடைய திட்டத்தை விரிவாக எழுதக் காரணம், அது வேறோர் இடத்தில் தொடங்கியது: எந்தக் கிழமையில் எந்தக் கதவு மூடியிருக்கும் என்பதில்.

போனவர்கள் மூன்று பேர். மாமா வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், சரித்திரம் என்றால் சாப்பாடு வேண்டாம். அக்காவுக்கு முழங்கால் வலி; முட்டைகூடத் தொடாத சைவம். மகள் கல்லூரி மூன்றாம் ஆண்டு. யாரும் அதற்குமுன் ஐரோப்பா போனதில்லை. நான் வேலை நிமித்தம் அந்த ஊரில் கொஞ்ச காலம் இருந்தவள் என்பதால் திட்டம் போடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

விமான டிக்கெட் முதலிலேயே முடிவாகிவிட்டது. சனிக்கிழமை மாலை போய்ச் சேர்ந்து, வியாழன் காலை கிளம்ப வேண்டும். ஆக, கையில் இருப்பது ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன்.

மாமாவின் பட்டியல்

மாமா அனுப்பிய முதல் பட்டியலில் ரோமுக்கு இரண்டு நாள், எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ஊரான பாம்பேய்க்கு ஒரு நாள், நான்காம் நாள் வெனிஸ். “இவ்வளவு செலவு பண்ணிப் போயிட்டு வெனிஸ் பார்க்காம வந்தா எப்படிம்மா?” என்றார். பத்து நாளில் ஏழு நாடு காட்டும் பேக்கேஜ் விளம்பரங்கள் நம் எல்லோர் தலையிலும் ஏற்றி வைத்திருக்கும் கணக்கு இது.

ரோமிலிருந்து வெனிஸுக்கு அதிவேக ரயிலிலேயே நான்கு மணி நேரம். போக நான்கு, வர நான்கு. நடுவில் கும்பலோடு ஒரு சுற்று. பாம்பேய் கொஞ்சம் பரவாயில்லை. நேப்பிள்ஸ் வரை ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம், அங்கிருந்து உள்ளூர் ரயிலில் இன்னும் அரை மணிக்கு மேல். ஆனால் விடுதி வாசலிலிருந்து எண்ணினால் ஒரு வழிக்கே மூன்று மணி நேரத்தை விழுங்கிவிடும். அங்கே போய் அக்கா ரோமானியர் காலத்துக் கற்சாலையில் நாள் முழுக்க நடக்க வேண்டும்.

வெனிஸை மாமா இரண்டு நாளில் விட்டுக்கொடுத்தார். பாம்பேய்க்கு ஒரு வாரம் ஆனது. அவரை மாற்றியது என் கணக்கு அல்ல, சான் கிளெமெந்தே தேவாலயத்தின் குறுக்குவெட்டுப் படம் ஒன்று. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கிழமைக் கணக்கு

வத்திக்கான் அருங்காட்சியகங்கள் ஞாயிறு விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் திறப்பார்கள், அன்று இலவசம். அதனாலேயே அன்று போகக் கூடாது. போர்கீஸ் கலைக்கூடத்துக்குத் திங்கள் விடுமுறை. புதன் காலையில் போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு நடப்பது வழக்கம் என்பதால், புனித பேதுரு சதுக்கம் நாற்காலிகளால் நிரம்பிவிடும். பேராலயத்துக்குள் மதியம்வரை போக முடியாது. கொலோசியம் அநேகமாக எல்லா நாளும் உண்டு.

இதை எழுதி வைத்ததும் பாதித் திட்டம் தானாக விழுந்தது. வத்திக்கானுக்கு ஞாயிறு இல்லை, புதன் இல்லை. திங்களன்று மற்ற சில அருங்காட்சியகங்கள் மூடியிருப்பதால் கூட்டம் இங்கே திரும்பும். மிச்சம் செவ்வாய். போர்கீஸ் புதன். கொலோசியம் திங்கள். ஞாயிறன்று எந்த முன்பதிவும் வேண்டாத பழைய நகரத்தின் நடைபாதைகள்.

கல்யாணத்தில் முகூர்த்த நேரம் குறித்துவிட்டால் மற்ற வேலைகள் அதைச் சுற்றி அமைந்துகொள்ளும் அல்லவா, அதுமாதிரி. நாளுக்கு ஒரு முகூர்த்தம் போதும். இரண்டாவதை வைத்தால் முதல் இடத்தில் நிற்கும்போதே கண் கடிகாரத்துக்குப் போய்விடும்.

எதை முதலில் வாங்குவது

இதில்தான் நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. ஐரோப்பியர்கள் எழுதும் பயணக் குறிப்புகளில் இது வராது, அவர்களுக்கு விசா வேண்டாம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு விடுதி முன்பதிவு காட்ட வேண்டும், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும், பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலேயே விண்ணப்பிக்கலாம். கொலோசியம் டிக்கெட்டோ ஏறத்தாழ ஒரு மாதம் முன்னால்தான் விற்பனைக்கு வரும். வத்திக்கான் சுமார் இரண்டு மாதம் முன்னால். இரண்டுமே பணம் திரும்பக் கிடைக்காதவை.

அதனால் வரிசையை இப்படி வைத்தோம். ரத்து செய்யக்கூடிய விடுதி முதலில். பயணத்துக்கு மூன்று மாதத்துக்கு மேல் இருக்கும்போதே விசா விண்ணப்பம். விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் வத்திக்கான், போர்கீஸ், கொலோசியம். விசா வருமுன் டிக்கெட் வாங்குவதில்லை என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

கொலோசியம் டிக்கெட்டில் இன்னொரு முடிச்சு. 2023 இறுதியிலிருந்து அது பெயர் போட்ட டிக்கெட். வாசலில் அடையாள அட்டையோடு ஒத்துப் பார்ப்பார்கள். அக்காவின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலி, தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு அப்படித்தான். படிவமோ இரண்டு கட்டங்களையும் நிரப்பாமல் நகராது. விமான டிக்கெட்டில் பெயரை எப்படிப் போட்டிருந்தார்களோ அதே மாதிரி இங்கேயும் போட்டோம். வாசலில் பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள், விட்டார்கள். இனிஷியலை விரித்து ஓரிடத்தில் அப்பா பெயர், இன்னோரிடத்தில் வெறும் எழுத்து என்று போட்டால்தான் தகராறு.

அக்கா மகள் இதற்கிடையில் ஒரு மறுவிற்பனைத் தளத்தைக் கண்டுபிடித்தாள். ‘வரிசையில் நிற்க வேண்டாம்’ என்று சொல்லி அதே கொலோசியம் டிக்கெட்டை மும்மடங்கு விலைக்கு வைத்திருந்தார்கள். அதிகாரபூர்வ விலை 18 யூரோ, அதிலேயே பக்கத்திலுள்ள ஃபோரமும் (பழைய ரோமின் பொதுச் சதுக்கம், இப்போது இடிபாடுகள்) பாலட்டைன் குன்றும் அடக்கம். எந்த டிக்கெட்டாக இருந்தாலும் பாதுகாப்புச் சோதனை வரிசை எல்லோருக்கும் உண்டு. காசு கொடுத்தால் மறைந்துவிடாது. வத்திக்கான் 20 யூரோ, இணையத்தில் நேரம் குறித்து வாங்கினால் மேலும் 5. அந்த ஐந்து யூரோவைவிட நல்ல செலவு இந்தப் பயணத்தில் வேறில்லை என்று மாமா பிறகு சொன்னார்.

தங்கும் இடம்

முதல்முறை போகிறவர்களை டெர்மினி ரயில் நிலையத்தின் பக்கம் தங்கச் சொல்வது வழக்கம். விலை குறைவு, எல்லா வண்டியும் அங்கே வரும். மோந்தி பகுதி அழகு, கொலோசியத்துக்கு நடக்கலாம். ஆனால் ஏற்ற இறக்கம். அக்காவின் காலை நினைத்து பிராத்தியைத் தேர்ந்தெடுத்தோம். 1871-இல் ரோம் இத்தாலியின் தலைநகரான பிறகு எழுந்த பகுதி. சமதளம், நேர்த் தெருக்கள், அகல நடைபாதை. வத்திக்கான் பக்கத்திலேயே. ஏ வழித்தட மெட்ரோவும் உண்டு. பழைய ரோமின் வாசனை இல்லை என்பது உண்மைதான். ஆனால் பாலத்தைத் தாண்டினால் போதும், அது வந்துவிடுகிறது.

பிராத்தியில் ஒரு சின்ன இடக்கு: ஃபியுமிச்சினோ விமான நிலையத்திலிருந்து டாக்ஸிக்கு 55 யூரோ என்று நிர்ணயக் கட்டணம் உண்டு, ஆனால் அது ஔரேலியச் சுவருக்குள்ளே இருக்கும் இடங்களுக்கு. மூன்றாம் நூற்றாண்டில் பேரரசர் ஔரேலியன் கட்டிய கோட்டைச் சுவர் இன்றைக்கும் டாக்ஸிக் கட்டணத்தை முடிவு செய்கிறது! பிராத்தி சுவருக்கு வெளியே. மீட்டர் போட்டுத்தான் போனார்கள். டெர்மினி பக்கம் தங்குபவர்களுக்கு 14 யூரோவில் லியனார்டோ எக்ஸ்பிரஸ் ரயில் இருக்கிறது, அரை மணி நேரத்தில் சேர்த்துவிடும்.

விடுதிக்காரரிடம் கேட்ட ஒரே கேள்வி லிஃப்ட் பற்றி. பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருக்கும், ஆனால் தெருவாசலிலிருந்து லிஃப்ட் வரைக்கும் பத்துப் படி இருக்கும். அதையும் கேட்டோம். இன்னொன்று, நகர வரி. விடுதியின் தரத்தைப் பொறுத்து ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தனியாக வாங்குவார்கள்; முன்பதிவு விலையில் அநேகமாக அது இருக்காது.

நடந்தது

மே மாதத்தில் ரோம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். உடம்புக்கு இது தெரியாது. மூவரும் ஞாயிறு விடிகாலை நான்கு மணிக்கு விழித்து உட்கார்ந்துவிட்டார்கள். இதை எதிர்பார்த்தே ஞாயிறை ட்ரெவி நீரூற்றில் தொடங்க வைத்திருந்தேன். பகலில் அங்கே தோளோடு தோள் உரசிக்கொண்டுதான் நிற்க வேண்டும்; காலை ஆறரைக்கு இருபது பேர்கூட இல்லை. நீரூற்று 1762-இல் முடிந்தது, ஆனால் அதற்குத் தண்ணீர் தந்தது கி.மு. 19-இல் ரோமானியத் தளபதி அக்ரிப்பா கொண்டுவந்த விர்கோ கால்வாய். அதே அக்ரிப்பாவின் பெயர் அரை மைலில் பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயிலின் முகப்பிலும் இருக்கிறது, இப்போதுள்ள கட்டடத்தைக் கட்டியவர் பேரரசர் ஹாட்ரியன் என்றாலும். இந்தத் தொடர்பு மாமாவுக்குப் போதும், நாள் முழுக்க அதையே பேசினாராம்.

பாந்தியனுக்கு 2023 முதல் 5 யூரோ கட்டணம். குவிமாடத்தின் குறுக்களவு 43 மீட்டர் சொச்சம், தரையிலிருந்து உச்சித் துளை வரையிலும் அதே அளவு. கம்பி வைக்காத கான்கிரீட்டில் இதைவிடப் பெரிய குவிமாடம் இன்றுவரை இல்லை. அங்கிருந்து நவோனா சதுக்கம். சிற்பி பெர்னினியின் நான்கு நதிகள் நீரூற்றில் டான்யூப், நைல், ரியோ தே லா பிளாதாவோடு கங்கையும் உண்டு, கையில் துடுப்போடு தாடிவைத்த ஆணாக! “கங்கைக்குத் தாடியா?” என்று அக்கா அனுப்பிய படம் எங்கள் குடும்ப வாட்ஸாப்பில் ஒரு நாள் ஓடியது.

திட்டம் சறுக்கியது சாயங்காலம். இத்தாலியில் இரவுச் சாப்பாட்டுக் கடைகள் ஏழரை மணிக்கு முன் திறப்பதில்லை, திறந்தாலும் அது சுற்றுலாக்காரர்களுக்கென்றே உள்ள கடை. மாலை ஆறு மணிக்கு இவர்கள் உடம்பில் இரவு ஒன்பதரை. பசியும் தூக்கமும் ஒன்றாக வர, அக்கா அழாத குறை. முதல் இரண்டு நாளுக்கு மதியச் சாப்பாட்டைப் பெரிதாக வைத்துக்கொண்டு, மாலையில் துண்டாக வெட்டி எடைபோட்டுத் தரும் பீட்சாக் கடையோடு முடித்துக்கொள்வதுதான் சரி. திங்களிலிருந்து அப்படியே செய்தார்கள்.

திங்கள் கொலோசியத்துக்குக் காலை ஒன்பதரைக்கு நேரம் குறித்திருந்தது. நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு மேல்தளத்துக்கு லிஃப்ட் உண்டு, கேட்டால் விடுகிறார்கள். எனக்குக் கொலோசியத்தைவிட ஃபோரம் பெரிது. ஆனால் ஒன்றும் படிக்காமல் போனால் அது வெறும் கற்குவியல்தான். முதல்முறை போகிற பலர் அரை மணியில் சலித்து வெளியே வருவது இங்கேதான். அதனால் மாமாவிடம் ஒரே ஒரு இடத்தைக் குறிவைக்கச் சொன்னேன்: மாக்ஸென்டியஸ் பசிலிக்கா. அதன் பிரம்மாண்ட வளைவுகளுக்கு அடியில் அதற்கு முந்தைய கட்டடம் ஒன்றின் எச்சம் இருக்கிறது. முதல் நூற்றாண்டில் பேரரசர் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்கு. நம் மேற்குக் கரையிலிருந்து கப்பலேறிய கறுப்பு மிளகு வந்து குவிந்த இடம். இந்தியாவுக்கு ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) போய்விடுகிறது என்று அந்தக் காலத்து ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி புலம்பினாரே, அந்தப் பணத்தில் ஒரு பங்குதான் வெள்ளலூரில் ரோமானியக் காசுகளாக மண்ணிலிருந்து கிடைத்தது. கோவைக்காரருக்கு இதற்குமேல் என்ன வேண்டும். பாலட்டைன் குன்றை அப்பாவும் மகளும் மட்டும் ஏறினார்கள். ஃபோரத்தில் நிழல் அபூர்வம், தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் வேண்டும். தண்ணீர் வாங்க வேண்டியதில்லை. தெருவெங்கும் ‘நசோனே’ என்ற வார்ப்பிரும்புக் குழாய்கள் நல்ல தண்ணீரை ஓயாமல் கொட்டிக்கொண்டிருக்கும்.

பிற்பகலில் சான் கிளெமெந்தே. கொலோசியத்திலிருந்து சில நிமிட நடை. மேலே பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தேவாலயம், தங்கப் பின்னணியில் மொசைக். படியிறங்கினால் அதற்கடியில் நான்காம் நூற்றாண்டுத் தேவாலயம். இன்னும் இறங்கினால் முதல் நூற்றாண்டுக் கட்டடமும் மித்ரா என்ற பழைய தெய்வத்தின் வழிபாட்டுக் கூடமும், சுவருக்குப் பின்னால் ஓடும் தண்ணீரின் சத்தமும். 1857-இல் அயர்லாந்துத் துறவி ஒருவர் தோண்டத் தொடங்கிக் கண்டுபிடித்தது. புதைந்த ஊரைப் பார்க்க பாம்பேய் வரை போக வேண்டாம், ஒரே டிக்கெட்டில் மூன்று ரோம் இங்கே கிடைக்கும் என்று சொல்லித்தான் மாமாவை மடக்கியிருந்தேன். நினைவிருக்கட்டும், ரோமின் பல தேவாலயங்கள் மதியம் பன்னிரண்டரை வாக்கில் சாத்தினால் மூன்று நான்கு மணிக்குத்தான் திறக்கும்.

செவ்வாய் காலை ஏழு மணிக்கே புனித பேதுரு பேராலய வாசலில் நின்றார்கள். பேராலயத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சுடிதாருக்கு இங்கே எந்தச் சிக்கலும் கிடையாது. குவிமாடத்துக்கு மொத்தம் 551 படி. லிஃப்டில் போனாலும் மாடியிலிருந்து இன்னும் 320 படி ஏற வேண்டும், அதுவும் சாய்ந்த சுவருக்குள் ஒடுங்கிய படி. அக்கா லிஃப்டில் மொட்டைமாடிவரை போய்ச் சிலைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

பிறகு அருங்காட்சியகம். வரைபடத்தில் ஒட்டியிருப்பதுபோலத் தெரியும், ஆனால் அருங்காட்சியக வாசலுக்கு மதிலைச் சுற்றி இருபது நிமிடம் நடக்க வேண்டும். வழியில் கழுத்தில் அட்டை தொங்கவிட்டவர்கள் ‘மூன்று மணி நேர வரிசை, எங்களோடு வாருங்கள்’ என்று மறிப்பார்கள். டிக்கெட் கையில் இருந்தால் நிற்காமல் நடக்கலாம். உள்ளே எல்லாவற்றையும் பார்க்க முயலக் கூடாது. 1506-இல் திராட்சைத் தோட்டத்தில் கிடைத்த லாவோகோவன் சிலை, வரைபடக் கூடம், ரஃபேல் அறைகள், கடைசியில் சிஸ்டைன் சிற்றாலயம். கூரையை மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை தீட்டினார். பலிபீடச் சுவரிலுள்ள ‘இறுதித் தீர்ப்பு’ ஓவியம் கால் நூற்றாண்டு கழித்து. படமெடுக்கத் தடை. ஓரச் சுவரை ஒட்டிப் பெஞ்சு உண்டு, இடம் கிடைத்தால் விடாதீர்கள்.

புதன்கிழமை போர்கீஸ். முன்பதிவு இல்லாமல் போனால் உள்ளே போக முடியாது, இரண்டு மணி நேரம் முடிந்ததும் வெளியே அனுப்பிவிடுவார்கள். கேட்கக் கடுமையாக இருக்கும், எனக்கு இதுதான் ரோமின் மிகச் சிறந்த ஏற்பாடு. ஆள்கூட்டம் குறைவு, அறைகளும் சுமார் இருபதுதான். கிரேக்கப் புராணத்தில் மரமாக மாறும் டாஃப்னியின் விரல்நுனிகள் இலையாகும் பெர்னினியின் சிற்பத்தைச் சுற்றி வர இடம் இருக்கிறது. மகள் அந்த அறையிலேயே முக்கால் மணி நேரம் நின்றாள். அப்புறம் பூங்கா வழியாகப் பின்சோ மேடைக்கு நடந்து, கீழே மக்கள் சதுக்கத்துத் தேவாலயத்தில் கரவாஜ்ஜோவின் இரண்டு ஓவியங்கள். ஸ்பானியப் படிகளில் உட்கார 2019 முதல் அபராதம். நின்று பார்த்துவிட்டு நகர்ந்தார்கள்.

சைவச் சாப்பாடு

ரோம் சைவர்களுக்கு எளிது என்று எல்லோரும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. பூசணிப்பூ பொரியல் என்று மெனுவில் பார்த்ததும் அக்கா மகிழ்ந்தார். உள்ளே சீஸோடு நெத்தலி மாதிரி உப்பு மீன் வைத்திருப்பார்கள். சுப்ளி என்ற அரிசி உருண்டையில் பெரும்பாலும் இறைச்சிச் சாறு. மிளகும் சீஸும் மட்டும் போட்ட காச்சோ எ பெப்பே பாஸ்தா பார்க்கச் சைவம்தான், ஆனால் கையால் செய்த பாஸ்தாவில் முட்டை இருக்கலாம். காய்ந்த ஸ்பகெட்டியா என்று கேட்க வேண்டும். பெக்கோரினோ சீஸே ஆட்டுக்குட்டியின் இரைப்பை நொதியால் உறையவைப்பது, கறாராகப் பார்ப்பவர்களுக்கு அதுவும் ஆகாது. அக்கா கடைசியில் நம்பியது மூன்று: சீஸே இல்லாத மரினாரா பீட்சா, தக்காளி ஸ்பகெட்டி, யூதர் குடியிருப்புப் பகுதியில் முழுதாகப் பொரித்துத் தரும் கூனைப்பூ (ஆர்ட்டிசோக்). ‘சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே, சென்ஸா உவோவா’ (இறைச்சி, மீன், முட்டை இல்லாமல்) என்று மகள் ஒரு சீட்டில் எழுதிக் காட்டினாள். காப்பியைக் கவுண்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை.

உங்கள் கிழமைகள் வேறாக இருந்தால்

இந்த வரிசை ஞாயிறு முதல் புதன் வரைக்குமானது. வியாழன் முதல் ஞாயிறு என்றால் நான் வத்திக்கானை வெள்ளிக்கு வைப்பேன்; பஸ், மெட்ரோ வேலைநிறுத்தங்கள் பெரும்பாலும் வெள்ளியன்று வரும், பிராத்தியில் தங்கினால் அன்று நடந்தே போய்விடலாம். சனி போர்கீஸ், ஞாயிறு கொலோசியம். ஞாயிறுகளில் அதை ஒட்டிய பெருஞ்சாலையில் வண்டிகள் ஓடாது. ஆனால் அது மாதத்தின் முதல் ஞாயிறாக இருந்தால் கொலோசியத்தை வியாழனுக்கு மாற்றிவிடுங்கள். அன்று அரசு அருங்காட்சியகங்கள் இலவசம், வரிசை தாங்காது. ஜூன் 2 குடியரசு நாள் அணிவகுப்பால் கொலோசியம் பிற்பகல்தான் திறக்கும். ஜூன் 29 பேதுரு பவுல் திருநாள், வத்திக்கான் அருங்காட்சியகம் இல்லை. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய வாரத்தில் பாதிக் கடைகள் பூட்டியிருக்கும், வெயிலும் நம் சித்திரை வெயில்தான்.